இரண்டு கேன் தண்ணீர்

சென்னை,
28.1.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

அனிதா எழுதுவது. சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் பாதிப் பொய். காய்ச்சல், தலைவலி ஒன்றும் இல்லை. ஆனால் இந்த விடுதித் தண்ணீர் என்னை ஒரு வழி பண்ணிவிட்டது. லாரியில் வருகிறது, ஒரே மருந்து நெடி. குளித்தால் தலைமுடி கையோடு வருகிறது, குடித்தால் வயிற்றைப் பிசைகிறது. நம் ஊரணித் தண்ணீரை நினைத்தாலே அழுகையாக வருகிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா, இல்லை இனிப்புத் தின்கிற அன்றைக்கு மட்டும்தானா?

பெரிய சேதி ஒன்று. நேற்றோடு எழுத்துப் பரீட்சை எல்லாம் முடிந்தது. இனி வகுப்பு கிடையாது. பாக்கி இருப்பது புராஜெக்ட் மட்டும். ஏப்ரல் கடைசியில் அறிக்கை, மே மாதம் வைவா, அதற்கப்புறம் உங்கள் தங்கச்சி எம்.பி.ஏ.

தலைப்பு நாம் கிறிஸ்துமசுக்குப் பேசியதுதான். நம் ஊர்ச் சாயப்பட்டறை. வகுப்பில் மற்றவர்கள் சோப்புக் கம்பெனி, பேங்க் என்று போகிறார்கள். நான் 'நீடித்த வளர்ச்சி' என்றதும், "லாபம் வர்ற தலைப்பா எடுக்கக் கூடாதாடி?" என்று கேட்டுச் சிரிக்கிறாள் என் அறைத்தோழி. தொழிலும் நடக்க வேண்டும், லாபமும் வர வேண்டும், நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு மண்ணும் தண்ணீரும் கெடாமல் இருக்க வேண்டும். ஒரு சின்னப் பட்டறையால் அது முடியுமா என்பதுதான் என் கேள்வி. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

கிறிஸ்துமசுக்கு வந்தபோது அழகுசுந்தரம் முதலாளி பட்டறை முழுவதையும் காட்டினார், காப்பி வாங்கிக் கொடுத்தார், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஒன்றை மட்டும் நான் கோட்டை விட்டுவிட்டேன். தண்ணீர் எடுத்து வரவில்லை. என் வழிகாட்டி குமரப்பன் சார் என்னை உட்கார வைத்துக் கண்டித்துவிட்டார். "சாயத்தண்ணி கிணத்துல எறங்குதுன்னு ஊரே சொல்லலாம். சோதிச்ச ரிசல்ட் இல்லேன்னா அது வெறும் பேச்சும்மா. நீயே போய் உன் கையால எடுத்துட்டு வா" என்றார்.

நான் வரத்தான் வேண்டும். ஆனால் அடுத்த இரண்டு வாரமும் கம்பெனிக்காரர்கள் வேலைக்கு ஆள் எடுக்க வருகிறார்கள். விட்டால் போயிற்று. அதனால் நம் கொல்லைக் கிணற்றுத் தண்ணீரை இரண்டு கேனில் பிடித்துச் சென்னை பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுங்கள். பட்டறைக் கழிவு ஓடும் வாய்க்காலுக்கு ஒட்டினாற்போல் இருப்பது நம் கிணறுதானே. பாரிமுனையில் நான் வாங்கிக்கொள்கிறேன். சாரிடம் நானே எடுத்ததாகச் சொல்லிவிடுவேன். அண்ணன் கை என் கை இல்லையா?

அம்மாவுக்கு என் முத்தம். உங்களுக்கு வணக்கம்.

உங்கள் பாப்பா,
மரிய அனிதா

•

சேசு மரி சூசை துணை

மிக்கேல்புரம், காரைக்குடி வழி,
5.2.1998

பாசமுள்ள தங்கச்சி அனிதாவுக்கு,

அண்ணன் சாலமனின் ஆசீர்வாதம். ஆண்டவர் கிருபையில் நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் கோயில் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. பரீட்சை முடிந்ததில் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. செபமாலை சொல்லி முடித்துவிட்டுத் தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டாள்.

கேன் இரண்டும் நேற்று ராத்திரி பஸ்ஸில் ஏறிவிட்டன. நேற்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன். காலையில் ஓடுகிற ஓட்டத்தில் உன் கடிதத்தின் முதல் பக்கத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மீதியைப் படித்துக் காட்ட நேரமில்லை. "பாப்பா தண்ணி கேட்டுருக்கும்மா. கெணத்துல ரெண்டு கேன் புடிச்சு வை, நான் வந்து பஸ்ஸுல ஏத்தி விடுறேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். சாயங்காலம் வந்தால், இரண்டு கேனும் கழுவித் துடைத்து, வாயில் வெள்ளைத் துணி கட்டி, ஞானஸ்நானத்துக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்தில் ஒரு டப்பா சீப்புச்சீடை. அம்மா காலை நீட்டித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கொல்லையில ரெண்டு கேன் எறைச்சதுக்கா இந்தப் பாடு?" என்றேன்.

"ஒனக்கென்னடா தெரியும், போ. தண்ணி போய்ச் சேந்துச்சா, எப்புடி இருந்துச்சுன்னு பாப்பாவ எழுதச் சொல்லு" என்றாள்.

ஊரில் மனு தயார். திங்கட்கிழமை தோறும் சிவகங்கையில் கலெக்டர் மனு வாங்குகிறார். பட்டறைக் கழிவை வாய்க்காலில் விடாமல் தடுக்கச் சொல்லி நான்தான் எழுதினேன். முதல் கையெழுத்தும் என்னுடையதுதான். உன் ரிசல்ட் வந்தால் அதையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்துவிடலாம். பக்கத்து வீட்டு அக்கம்மாள் ஒரு நாள் விடாமல் கேட்கிறாள், "தங்கச்சி கடுதாசி வந்துருச்சா வாத்தியாரய்யா?" என்று. அவளுடைய மாடு நம் வாய்க்கால் பக்கமே போக மாட்டேன் என்கிறதாம்.

உடம்பைப் பார்த்துக்கொள், மேனேஜரம்மா. அம்மா ஆசீர்வாதம் சொன்னாள்.

இப்படிக்கு,
சாலமன்

•

சென்னை,
22.2.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? சீடை வந்த அன்றைக்கே தீர்ந்தது. என் பங்குக்குக் கிடைத்தது தூள்தான். கேன் வாயில் இருந்த துணியைப் பார்த்து ஆய்வகத்துக்காரர், "பால் வாங்கிட்டு வந்தியாம்மா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வெட்கமும் பிடுங்கித் தின்றன.

ரிசல்ட் வந்துவிட்டது. உட்கார்ந்து படியுங்கள். தண்ணீரில் சாயமும் இல்லை, ரசாயனமும் இல்லை. குடிக்கத் தகுந்த தண்ணீர் என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். கிணற்றுத் தண்ணீரில் உப்பு இவ்வளவு குறைவா என்று அவர்களே ஆச்சரியப்பட்டார்கள். போன ஐப்பசி கார்த்திகையில் எங்கள் பக்கம் நல்ல மழை, அதனால் ஊற்று தெளிந்திருக்கும் என்று நான்தான் விளக்கம் சொன்னேன்.

எனக்கு முதலில் முகம் சுருங்கிப் போயிற்று. பட்டறையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம் என்றுதானே கிளம்பினேன்! குமரப்பன் சார்தான், "நீ நெனச்சது வரலேன்னா அதுதாம்மா ஆராய்ச்சி" என்றார். அதனால் அறிக்கையின் போக்கையே மாற்றிவிட்டேன். ஒரு சின்னப் பட்டறை நிலத்தடி நீரைக் கெடுக்காமலே நடக்கிறது, மற்றவர்கள் அதைப் பார்த்துப் படிக்கலாம் என்று எழுதுகிறேன். பின்னிணைப்பில் 'மாதிரி எடுத்தவர்: மரிய அனிதா' என்று கையெழுத்தும் போட்டாயிற்று.

மனுவைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் அண்ணே. இல்லாத பழியை ஒருவர் மேல் போடக் கூடாது. இன்னொன்று. இனிமேல் அம்மா ஊரணிக்கு நடக்க வேண்டாம். கொல்லையிலேயே நல்ல தண்ணீரை வைத்துக்கொண்டு அந்தக் காலோடு அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நான் சொன்னேன் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்க மாட்டாள்.

ஒரு கம்பெனி என்னை இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறது. அம்மாவை அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அனிதா

•

சேசு மரி சூசை துணை

மிக்கேல்புரம்,
7.3.1998

பாசமுள்ள தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். தவக்காலம் ஆகையால் வீட்டில் வெள்ளிக்கிழமை கறி கிடையாது. அம்மா கஞ்சி காய்ச்சி ஊற்றிப் பழிவாங்குகிறாள்.

நேற்று சிலுவைப் பாதை முடிந்து சனம் கலைவதற்குள் எல்லாரையும் கோயில் வேம்படியில் உட்கார வைத்து உன் கடிதத்தை வாசித்தேன். முழங்கால் வலியென்று அம்மா மட்டும் வரவில்லை. எனக்கும் உன்னை மாதிரித்தான் முதலில் முகம் சுருங்கியது. மனு எழுதியவனே நான்தானே. ஆனால் சோதனை சொன்னதை மறைக்கவா முடியும்? மனுவை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

அக்கம்மாள்தான் விடவில்லை. "வாத்தியாரய்யா, படிச்சவுக சொல்லுறீக, நான் என்னத்தக் கண்டேன். ஆனா எம்மாடு அந்தத் தண்ணியில வாய வைக்க மாட்டேங்குதே, அது எந்தக் காலேசுல படிச்சுச்சாம்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "ஆய்வகத்துல மிஷின் வச்சுப் பாத்துருக்காக அக்கம்மா" என்றேன்.

அழகுசுந்தரம் விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். அறிக்கையில் ஒரு நகல் வேண்டுமாம். "ஊரு வாயி என்னைய எம்புட்டுப் பேசுச்சு சார். ஒங்க தங்கச்சிதான் கண்ணைத் தொறந்துச்சு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பாவம், நல்ல மனிதர்தான் போல.

ஊரணி நடை நின்றுவிட்டது. குடிதண்ணீர்ப் பானையை இப்போது நானே கொல்லையில் இறைத்து நிரப்பி வைக்கிறேன். அம்மா முதல் செம்பைக் குடித்துவிட்டு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டாள். "நாக்குல என்னமோ நிக்கிதுடா" என்றாள். "பாப்பா காலேஜுல சோதிச்சுச் சொல்லியாச்சும்மா" என்றேன். "பாப்பாவா சொல்லுச்சு? அப்பச் சரிதான்" என்று மீதியையும் குடித்துவிட்டாள். இன்னும் நாலைந்து வீட்டிலும் ஊரணிக்குப் போவதை விட்டுவிட்டார்கள்.

அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று.

சாலமன்

•

சென்னை,
20.3.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆசை. அவசரமாக எழுதுகிறேன்.

வேலை கிடைத்துவிட்டது! அம்மாவிடம் சத்தம் போட்டுச் சொல்லுங்கள். ஜூன் மாதம் பட்டத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். புராஜெக்ட் தலைப்பைப் பார்த்துத்தான் என்னை எடுத்தார்களாம். தலைப்பைக் கேட்டுச் சிரித்த அறைத்தோழி இப்போது என்னிடம் புத்தகம் இரவல் கேட்கிறாள்.

ரிசல்ட் பக்கத்தை இரண்டு நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்று அழகுசுந்தரம் சாருக்கு, ஒன்று உங்களுக்கு. அம்மா ஏன் ஒரு வரியும் எழுதச் சொல்லவில்லை? கோபமா? ஈஸ்டருக்கு வர முடியாது, அறிக்கையை டைப் அடிக்கக் கொடுக்க வேண்டும். மே மாதம் வந்து மடியில் படுத்துக்கொள்கிறேன்.

அனிதா

•

சென்னை,
16.4.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம்தானே? போன மாதம் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. ஈஸ்டர் வாழ்த்து அட்டையும் வரவில்லை. வருஷா வருஷம் ஆட்டுக்குட்டி படம் போட்டு நீங்கள்தானே வரைந்து அனுப்புவீர்கள். நம் ஊர்க் கடை போனுக்கு இரண்டு தடவை அடித்தேன். "சார் ஊருல இல்ல" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள். எந்த ஊருக்குப் போனீர்கள்?

அறிக்கை பைண்டிங்குக்குப் போய்விட்டது. வைவா மே பதினொன்று, திங்கட்கிழமை. என் முகத்தைப் பார்த்து இன்று சாப்பாட்டு மேசையில் எல்லாரும் என்ன என்ன என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லைதானே அண்ணே? இரண்டு வரி போடுங்கள்.

அனிதா

•

மதுரை,
24.4.1998

அன்புள்ள அனிதாவுக்கு,

உன் கடிதங்கள் கிடைத்தன. வேலை கிடைத்தது பற்றி மிகவும் சந்தோஷம். அம்மாவிடம் சொன்னேன். பேப்பர் திருத்தும் வேலையாக மதுரைக்கு வந்திருக்கிறேன், அதனால்தான் எழுதவில்லை. அம்மாவுக்குக் கொஞ்சம் அசதி. வெயில்தான். நீ ஒன்றும் யோசிக்காதே. வைவாவை முடித்துவிட்டு நிதானமாக வா. போன் பண்ண வேண்டாம், வீட்டில் ஆள் இருக்காது.

சாலமன்

•

சென்னை,
2.5.1998

அண்ணனுக்கு,

எட்டாம் வகுப்பு வாத்தியாருக்கு மதுரையில் என்ன பேப்பர் திருத்துகிற வேலை? கடிதத்தின் தலையில் சேசு மரி சூசை இல்லை. முழங்கால் பற்றி ஒரு கேலி இல்லை. வீட்டில் ஆள் இருக்காது என்றால் அம்மா எங்கே?

நான் சின்னப் பிள்ளை இல்லை. அப்பா செத்தபோதும் எனக்குப் பரீட்சை என்று ஒரு நாள் கழித்துத்தான் சொன்னீர்கள். பெட்டியை மூடின பிறகுதான் வந்து சேர்ந்தேன். இன்னொரு தடவை அப்படிச் செய்தால் உங்களை மன்னிக்க மாட்டேன். உண்மையை எழுதுங்கள்.

அனிதா

•

சேசு மரி சூசை துணை

மதுரை,
7.5.1998

பாப்பாவுக்கு,

அம்மா இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். குருத்தோலை ஞாயிறுக்கு முன்னாலிருந்தே வாந்தி. காலும் முகமும் வீங்கிவிட்டன. காரைக்குடியில் காட்டினேன், இங்குட்டுக் கொண்டு வரச் சொன்னார்கள். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. "சர்க்கரையால ஏற்கனவே பழுதாத்தான் இருந்துருக்கும். ஆனா இவ்வளவு சீக்கிரம் இப்படி ஆகாதே. என்ன தண்ணி குடிச்சாங்க?" என்று டாக்டர் கேட்டார். நான் பெருமையாக உன் ரிசல்ட் நகலைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, தண்ணீரில் கோளாறு இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியது அம்மாதான். நேற்று நடந்ததை மட்டும் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நேற்று அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்தது. குழாய்த் தண்ணீரை டம்ளரில் கொடுத்தேன். தலையை ஆட்டிவிட்டாள். "இது வேணாம்ப்பா. பாப்பாவுக்கு அனுப்புனேன்ல, அந்த ஊரணித் தண்ணி ஒரு செம்பு கொண்டாந்து குடு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "நீ அனுப்புனது கெணத்துத் தண்ணிதானம்மா?" என்றேன்.

"போடா கிறுக்கா. ஹாஸ்டல் தண்ணி வயித்தப் பெசையுதுன்னு எழுதியிருந்த புள்ளைக்கு அந்தச் சாயத்தண்ணியவா அனுப்புவேன்? எனக்குக் கால் வலிக்கும்னுதான் பாப்பா கெணத்துத் தண்ணின்னு சொல்லியிருக்கும். எம்புள்ளைய எனக்குத் தெரியாதா? ரெண்டு நடை போயி மோந்துட்டு வந்து, வடிகட்டிக் கட்டி வச்சேன்."

"அப்ப நீ ஏம்மா கெணத்துத் தண்ணியக் குடிச்ச?"

"பாப்பா சொல்லுச்சேப்பா."

நான் எழுந்து வராண்டாவுக்குப் போய்விட்டேன். அன்று காலை உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தையும் படித்துக் காட்டியிருந்தால் போதும் பாப்பா. சோதனைக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தப் பானையை நான்தான் என் கையால் நிரப்பினேன். ஊரில் இன்னும் நாலைந்து வீட்டில் வயிற்றுப்போக்கு, உடம்பெல்லாம் அரிப்பு. அவர்களுக்கும் கடிதத்தை வாசித்துக் காட்டியது நான்தான். நேற்றே அக்கம்மாளுக்கு ஆள் மூலம் சொல்லிவிட்டேன், கிணற்றுத் தண்ணீரை யாரும் தொட வேண்டாம் என்று.

இன்னும் நாலு நாளில் உனக்கு வைவா. கேன் விஷயம் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாவுக்கே தான் செய்தது என்னவென்று தெரியாது. நீ வாயைத் திறக்காவிட்டால் பட்டம் கிடைக்கும், வேலை கிடைக்கும். திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனாக எதைச் சொல்ல என்றும் தெரியவில்லை. நீயே முடிவு செய்.

சாலமன்

•

சென்னை,
20.6.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு நான் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறியதில் உங்களுக்கு வருத்தம் இருக்கும். அந்த வீட்டில் இருந்த நாள் முழுக்க நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. எதிரில் சொல்ல வராததை எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. அன்று சாயங்காலமே குமரப்பன் சார் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். தண்ணீர் நான் எடுத்தது இல்லை, கிணற்றுத் தண்ணீரே இல்லை, கையெழுத்து மட்டும்தான் என்னுடையது என்று. அவர் திட்டியிருந்தால் தேவலாம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உன் கையால எடுன்னு சொன்னேனேம்மா" என்றார், அவ்வளவுதான். அங்கிருந்து நேராக மதுரை பஸ். வந்து பார்த்தபோது அம்மாவுக்கு நினைவு இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள். அவள் காதில் நான் சொன்னது எதுவும் விழுந்திருக்காது.

அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பட்டம் இந்த வருஷம் இல்லை. அடுத்த வருஷப் பிள்ளைகளோடு புராஜெக்டை முதலிலிருந்து செய்ய வேண்டும். வேலைக் கம்பெனி காத்திருக்க முடியாது என்று எழுதிவிட்டது. அதெல்லாம் போகட்டும்.

பூசைக்கு மறுநாள் விடியற்காலையில் நான் கொல்லையில் இறைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தீர்கள். அந்தத் தண்ணீரின் ரிசல்ட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். மாட்டுக்குக்கூட ஆகாது என்று வந்திருக்கிறது. அக்கம்மாளிடம் என் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். மனுவைப் பெட்டியிலிருந்து எடுத்து இதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். பழைய அறிக்கை செல்லாது என்று அழகுசுந்தரத்துக்கும் ரிஜிஸ்டர் தபால் போட்டிருக்கிறேன்.

ஒன்று என்னை அரிக்கிறது அண்ணே. அம்மா அனுப்பிய அந்தத் தண்ணீரில் ஒரு வாய்கூட நான் குடிக்கவில்லை. ஒரு கேன் சோதனைக்குப் போயிற்று. இன்னொன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது. குடிக்க நல்ல தண்ணீர் இல்லாமல் தவித்துக்கொண்டே, ஒரு வாரம் கழித்து அதைக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றிவிட்டு, அதன் வாயில் இருந்த துணியால் அலமாரியைத் துடைத்தேன். கடைசியாக நினைவு இருந்தபோது அம்மா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா? எதுவானாலும் எழுதுங்கள்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? சமையல் யார்?

அனிதா

•

சேசு மரி சூசை துணை

மிக்கேல்புரம்,
30.6.1998

பாசமுள்ள தங்கச்சி அனிதாவுக்கு,

நான் சுகம். சமையல் நான்தான். சில நாள் அக்கம்மாள் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். மன்னிப்பு என்றதும், "அந்தப் புள்ளைக்கு ஆத்தா போயிருச்சு, இதுல மன்னிப்பு என்ன வேண்டிக்கெடக்கு" என்று அழுதுவிட்டாள்.

நேற்று திங்கட்கிழமை ஊர்க்காரர்களோடு சிவகங்கைக்குப் போய் மனுவைக் கொடுத்தேன். விஷயம் தெரிந்து அழகுசுந்தரமும் வந்திருந்தார். அதிகாரி நம் ரிசல்ட்டைப் பார்த்தார். அழகுசுந்தரம் தம் பையிலிருந்து உன் பழைய நகலை எடுத்து நீட்டினார். அதிகாரி இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஒரே கிணறு, ஒரே கையெழுத்து. இதுல எதை நம்பச் சொல்றீங்க சார்?" என்றார். நான் கேன் கதையை முதலிலிருந்து சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் கதையை ஃபைலில் வைக்க முடியாதாம். அவர்களே ஆள் அனுப்பித் தண்ணீர் எடுப்பார்களாம். எப்போது என்று சொல்லவில்லை. அதுவரை பட்டறை ஓடும். வெளியே வரும்போது அழகுசுந்தரம், "ஒங்க தங்கச்சி எழுதுனதத்தானே சார் நான் காட்டுனேன்?" என்றார். இன்று வாய்க்காலில் ஊதா நிறம் ஓடுகிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். உனக்குக் கடிதம் எழுதிய மறுநாள், நினைவு தப்புவதற்கு முன்னால் அம்மா ஒன்றுதான் கேட்டாள். "நான் அனுப்புன தண்ணி பாப்பாவுக்குப் புடிச்சுச்சாடா? நீ ஒண்ணுமே சொல்லலையே" என்றாள். "ரெண்டு கேனும் அவதாம்மா குடிச்சா. யாருக்கும் ஒரு சொட்டுக் குடுக்கலையாம். வயித்து வலியெல்லாம் போயிருச்சாம்" என்றேன். அம்மா சிரித்தாள். அப்புறம் பேசவில்லை. நீ எப்படியும் கொஞ்சமாவது குடித்திருப்பாய் என்று நினைத்துத்தான் சொன்னேன். முழுப் பொய் என்பது உன் கடிதத்தைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது.

அதனால் இன்று காலை ஊரணிக்குப் போனேன். வெயிலில் தண்ணீர் கீழ்ப்படிக்கு இறங்கிவிட்டது. செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, காலைக் கழுவி இறங்கி, கலக்காமல் மோந்து வந்து வடிகட்டினேன். இரண்டு கேனும் இந்தக் கடிதமும் இன்று ராத்திரி பஸ்ஸில் வருகின்றன. நாளைக் காலையில் பாரிமுனையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி உன் விடுதிக்கு போன் பண்ணிவிட்டேன். துணி கட்டியிருக்கிறேன், அம்மா கட்டியது மாதிரி அவ்வளவு இறுக்கமாக வரவில்லை.

இதை யாரிடமும் சோதிக்கக் கொடுக்காதே. நீ குடி.

உன் அண்ணன்,
சாலமன்